ஐந்து மார்க் கேள்வி

பதினான்கு பேரை அனுப்பியிருக்கிறார்கள்,
புதன்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை.
பாடத்திட்டம் எனக்கு விட்ட இடம் இவ்வளவுதான்.
அதிலும் இரண்டு பேர்
டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் என்ன, கேட்டேன்.
மூக்கு, என்றான் ஒருவன்.
நடிகைகள், என்றாள் ஒருத்தி, வாய்க்குள்ளேயே.
மூன்றாம் கட்டிலருகே பச்சைக் குடத்தோடு நின்ற சகுந்தலா
என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்:
"பிளாஸ்டிக்கு நாங்க வாங்கியாரணுமா டாக்டர்,
இல்ல இங்கியே குடுத்துருவீங்களா?"

சிரிக்காதீர்கள், என்றேன் பன்னிரண்டு பேரிடமும்.
இவள் கேள்வியிலாவது ஒரு நோயாளி இருக்கிறான்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின்
அவள் புருஷன் எத்திராஜுவின்
வலது புறங்கையை உரித்துக்கொண்டு போய்விட்டது.
வந்த இரவு நரம்புகள்போல் தெரிந்தவை நரம்புகள் அல்ல,
தசைநாண்கள். வெள்ளையாக, காய்ந்துகொண்டு.
இப்போது அந்தக் கை
அடிவயிற்றுத் தோலோடு தைக்கப்பட்டிருக்கிறது.
கைலி மடிப்பில் சில்லறை தேடியவன்
பாதியில் உறைந்துபோன மாதிரி
ஒன்பது நாளாகப் படுத்திருக்கிறான்.

"தொடையிலிருந்து சீவி ஒட்டினால் ஆகாதா மேடம்?"
ரிஃபாயா. கடைசி வரிசை.
நல்ல கேள்விகள் ஏன் எப்போதும்
தூணுக்குப் பின்னாலிருந்து வருகின்றன?

சீவிய தோலுக்குச் சொந்தக் குழாய் கிடையாது.
விழுந்த இடத்தில் ஊறுவதைக் குடித்துத்தான் பிழைக்கும்.
வெறும் தசைநாணில் என்ன ஊறும்?
உங்கள் வீடு எங்கே?
கொடுங்கையூர்.
குழாயில் வராத நாளில்?
லாரி.
லாரியும் வராவிட்டால்?
"பக்கத்து வீட்டுலேர்ந்து ட்யூப் போடுவோம் மேடம்."
அவ்வளவுதான். அதுதான் இது.
நம் கனெக்‌ஷன் வரும்வரை அவர்கள் தண்ணீர்.
இங்கே மூன்று வாரம்.

"எக்ஸாமுக்கு வருமா?"
வரும். வேறுபடுத்துக, ஐந்து மார்க்.
பன்னிரண்டு பேனாக்களும் அப்போதுதான் திறந்தன.

எத்திராஜுவைக் கண்ணை மூடச் சொல்லி
பஞ்சுத் திரியால் புறங்கையின் புதுத் தோலைத் தொட்டேன்.
எங்கே தெரிகிறது?
"வவுத்துல," என்றான்.
மறுபடி தொட்டேன்.
"வவுத்துலதாங்க. கூசுது."
யாரும் எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டு ஒருவன்
தன் புறங்கையைத் தானே தொட்டுப் பார்த்தான்.

இனிமேல் தொப்பை போட்டால் கைக்கும் போடும், என்றேன்.
சகுந்தலா அந்த வார்டில் முதல்முறையாகச் சிரித்தாள்.
"பீரை வுட்டுரு," என்றாள் கட்டிலைப் பார்த்து.

அடுத்த வாரம் வேறு பதினான்கு பேர்.
மூக்கு, என்றான் ஒருவன்.

இருபத்தோராம் நாள் காலை தியேட்டர் வாசலில்
இரவல் செருப்போடு ரிஃபாயா.
உனக்குக் கண் வார்டு போஸ்டிங் அல்லவா?
பதில் இல்லை. தொப்பிக்குள் முடியைத் திணித்தாள்.

வயிற்றுக்கும் கைக்கும் நடுவிலிருந்த பாலத்தை
கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இனி கடிகாரம்தான்.
பக்கத்து வீட்டுக் குழாயை மடித்துப் பிடித்தாயிற்று,
நம் வீட்டில் வருகிறதா பார்.
ஐந்து நிமிடம். பத்து.
தோல் கொஞ்சம் வெளிறியது. நான் பேசவில்லை.
ஸ்டூலில் ஏறி அவள் விரலால் அழுத்தினாள், விட்டாள்.
வெள்ளை. வெள்ளையாகவே.
பதினெட்டாவது நிமிடம் அழுத்தினாள், விட்டாள்,
ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு
மெதுவாக நடந்து நடுவுக்கு வந்தது.

"தண்ணி வந்துருச்சு!"

தெருவுக்கே கேட்கிற குரல்.
விடிகாலை நாலு மணிக்கு ஜன்னல் ஜன்னலாகத் தாவும் குரல்.
உடனே முகமூடியோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.
மயக்க மருந்துக்காரர் எட்டிப் பார்த்தார்.
பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து, முழு விழிப்போடு,
எத்திராஜு கேட்டான்:
"எத்தினி கொடம்?"

பிளேடு, என்றேன் சிஸ்டரிடம்.